சாந்தி (க)

கொழும்பில் எங்கள் பாடசாலையில் சாந்தி என்ற பெயரில் இரண்டு பேர் படிப்பிக்கிறோம். நான் தமிழ், மற்றவர் கணிதம். இருவருடைய முதலெழுத்தும் ஒன்று, வந்து சேர்ந்ததும் ஒரே வருடம். அதனால் நேரசூசியில் எங்களைப் பிரித்துக் காட்ட அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்துப் போடுவார்கள். சாந்தி (வெ), சாந்தி (க). 19 வருடமாக இதுதான் நடைமுறை. போன வருடம் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹற்றன் பக்கமிருந்து ஒரு சின்ன வயது ஆசிரியை புதிதாக வந்தார். முதல்நாள் அறிவித்தல் பலகைக்கு முன்னால் கொப்பியும் பேனையுமாக நின்று தன் பாடவேளைகளைக் குறித்துக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைக் கேட்டார். "நீங்கதானே மிஸ் கணிதம்?" இல்லை, தமிழ் என்றேன். "அப்ப இந்த 'க'?" ஸ்டாஃப் றூமில் ஒரு கணம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு மூலையிலிருந்து யாரோ, "அது கறுப்பு, பிள்ளை" என்றார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். 'வெ' என்பது வெள்ளவத்தையாக்கும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்ததாம். அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

நானும்தான் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த 'க' எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. வரவுப் பதிவேட்டின் மட்டையில் என் கையாலேயே அப்படி எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் "கறுப்பு சாந்தி மிஸ் வாறா" என்று கத்துவது தாழ்வாரத்தில் கேட்கும். அதில் பயம்தான் இருக்குமே தவிர நக்கல் இராது. ஆனால் அன்றைக்கு ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளைதான். அவரும் என் நிறம்தான், என்னைவிட ஒரு படி கூட. அவர் திரும்பவும் நேரசூசியைப் பார்த்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று தேடினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சிரிப்பு அடங்கி மணி அடித்தபோது எனக்கு நேரசூசி ஞாபகம் வரவில்லை. ஒரு ஒலிபெருக்கிப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

நிறம் குறைவு

தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் முதலில் சொல்லில்தான் கண் போகும். நாங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி "நல்ல நிறம்" என்றால் அது எந்த நிறம் என்று ஒருவரும் கேட்பதில்லை. "பெட்டை நிறம்" என்றாலே போதும். கறுத்த பிள்ளை என்றால் "நிறம் கொஞ்சம் குறைவு". நிறம் என்பது ஏதோ தண்ணீர்த் தாங்கி, இவளுக்குப் பாதிவரைக்கும்தான் நிரப்பினார்கள் என்ற மாதிரி. இடையில் தப்பிப் பிழைக்க "பொதுநிறம்" என்றொரு சொல் வைத்திருக்கிறோம். கல்யாணப் புரோக்கரின் வாயில் அதற்கு எத்தனை படிநிலைகள் உண்டு என்று தனிக் கட்டுரை எழுதலாம். சிங்களத்திலும் இதே கதைதான். 155ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு தாய், கன்னங்கரேலென்ற தன் மகனை "சுது புத்தே" என்று கூப்பிட்டு யன்னல் பக்கம் இருத்தியதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். வெள்ளை மகனே. அந்தச் சொல்லில் நிறம் இல்லை, பாசம்தான் இருக்கிறது என்று சிங்களம் படிப்பிக்கிற மிஸ் சொல்வார். இருக்கலாம். பாசத்துக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எந்த மருந்துக்கடைக்குள் போனாலும் இன்னமும் பழைய பெயரைச் சொல்லித்தான் கிறீம் கேட்கிறார்கள். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபெயார் அன்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்த 'ஃபெயாரை' எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டுக்கொண்டது. அமெரிக்காவில் நிறவெறிக்கெதிராக நடந்த போராட்டங்களின் சூடு அதுவரைக்கும் அடித்தது. எங்கள் தரம் 9 பிள்ளைகளின் பென்சில் பெட்டிக்குள் கிடக்கும் சின்ன பக்கெற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

வலைப்பந்துப் பயிற்சி பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும். தரம் 10 வந்ததும் நல்ல நல்ல ஆட்டக்காரிகளெல்லாம் கழன்றுவிடுவார்கள். படிப்பு என்று கடிதம் வரும். விளையாட்டுப் பொறுப்பாசிரியை அந்தக் கடிதங்களை நம்புவதே இல்லை. "படிப்புமில்லை ஒண்டுமில்லை, வெயில்தான்" என்பார். தாய்மாரிடம் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்லிப் பார்ப்பார். 2018இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு வாங்கித் தந்த அணியில் கூடை கூடையாகப் போட்டுத் தள்ளியது யார் என்று கேட்பார். தாய்மார் பெருமையாகத் தலையாட்டுவார்கள். பிறகு, "ஓம் மிஸ், ஆனா இவள் ஏற்கெனவே நிறம் மங்கிப்போனாள்" என்பார்கள்.

வெள்ளைச் சீருடை

என்னிடம் 1986ஆம் ஆண்டு எடுத்த வகுப்புப் படம் ஒன்று இருக்கிறது. அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம், நான் ஏழாம் வகுப்பு. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான் என்று சொன்னால்தான் தெரியும். முகம் விழவில்லை. பற்கள் தெரிகின்றன, சட்டைக் கொலர் தெரிகிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு நிழல். எங்கள் நாட்டுப் பள்ளிச் சீருடை வெள்ளை. முப்பத்தைந்து வெள்ளைச் சட்டைகள் வெயிலில் நின்றால் கமரா கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். சுருக்கினால் கறுத்த முகங்கள் இருளுக்குள் போய்விடும். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கொடாக் நிறுவனம் படம் கழுவும் ஸ்டூடியோக்களுக்கு, நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷேர்லி அட்டை என்று பெயர். அவளுடைய முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. 2022இல்தான் கூகுள் நிறுவனம், எல்லிஸ் மோங்க் என்ற சமூகவியலாளர் வகுத்த பத்துப் படிநிலைத் தோல்நிற அளவுகோலைக் கையில் எடுத்தது. என் பின்வரிசைக்கு அது 36 வருடம் பிந்திப்போனது.

எங்களைப் படமெடுக்க வந்தவர் ஒரு வேலை தெரிந்த மனிதர். "கறுத்த பிள்ளையள் பின்னுக்குப் போங்கோ, முன்னுக்கு நிண்டால் படம் பழுதாப்போகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உயரமான பிள்ளைகள் பின்னால் போங்கள் என்பது போலத்தான் சொன்னார். நாங்களும் போனோம். வகுப்பில் ஆகக் கட்டை நான்.

இடப்பக்கப் பெட்டி

இனி விஷயத்துக்கு வருகிறேன். முந்தின வருடத்து வாணி விழா. முப்பெரும் தேவியரும் மேடையில் தோன்றுகிற ஒரு காட்சி போடுவதென்று தீர்மானம். துர்க்கைக்கும் இலட்சுமிக்கும் எட்டெட்டு வரி, சரஸ்வதிக்கு 24 வரி. எழுதியது நான். எழுதினவள் என்பதால் ஆளெடுக்கிற குழுவிலும் நான் இருந்தேன். பாடசாலை விட்ட பிறகு ஒரு வகுப்பறையில் நான்கு ஆசிரியைகள் வரிசையாக இருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சொல்லிக் காட்டினார்கள். யாழினி என்று வைத்துக்கொள்வோம், அப்போது தரம் 11, கடைசி ஆளாக வந்தாள். தாளை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் சொல்வதை வெளியில் நின்று கேட்டே பாடமாக்கிவிட்டாளாம். ல, ள, ழ மூன்றும் மூன்றாக விழுந்தன. கொழும்பில் அது எவ்வளவு அபூர்வம் என்று தமிழ் படிப்பிக்கிறவர்களைக் கேளுங்கள். 17ஆம் வரியில் நான் வேண்டுமென்றே ஒரு நீளமான தொடர் வைத்திருந்தேன்; மூச்சு எடுக்காமல் சொன்னால்தான் பொருள் கூடும். அவள் மட்டும்தான் அதை அப்படிச் சொன்னாள்.

அவள் வெளியே போனதும் கதைத்தோம். கறுப்பு என்ற சொல்லை அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். "குரல் சொல்லி வேலையில்லை" என்றார் ஒருவர். "மேடையில எடுக்குமோ?" என்றார் இன்னொருவர். "வெள்ளைச் சேலையல்லோ கட்ட வேணும்" என்றார் மூன்றாமவர். "லைற் போட்டால் இன்னும் தெரியாது." சரஸ்வதி வெள்ளை நிறத்தவள் என்பது சாஸ்திரம், நாங்கள் என்ன செய்வது என்ற கதையும் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மயூரபதியில் போய்க் கருங்கல் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் நாங்கள் நான்கு பேரும். மகிஷாசுரனுக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை என்று யாரோ மெல்ல ஞாபகப்படுத்தினார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எனக்கு நல்லதொரு யோசனை வந்தது. "குரலை யாழினி குடுக்கட்டும். திரைக்குப் பின்னால நிண்டு மைக்கில சொல்லட்டும். மேடையில் மற்றப் பிள்ளை வீணையோட இருந்து வாயசைக்கட்டும்." எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததே என்றார் பகுதித் தலைவி. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. அசுரன் வேஷத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நிகழ்ச்சி நிரலில் 'பின்னணிக் குரல்' என்று அவள் பெயரையும் போடுவித்தேன்.

யாழினியிடம் சொன்னபோது "ஓம் மிஸ்" என்றாள். அவ்வளவுதான். ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்தாள். வாயசைக்கிற பிள்ளைக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று தானே சொல்லிக் கொடுத்தாள். விழாவுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், அம்மா லீவு எடுத்துக்கொண்டு வாறா."

"நல்லம்தானே."

"நான் எந்தப் பக்கம் நிப்பன் எண்டு கேட்டவ. என்ன சொல்ல?"

முறைப்பாடு இல்லை. குத்தல் இல்லை. தாய் கேட்டதை வந்து கேட்டாள், பதில் தெரிந்தால் போய்ச் சொல்லுவாள். நான் மேடையை மனதுக்குள் ஒருதரம் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கம், பக்கத்திரைக்குப் பின்னால், சுவிட்ச் போர்ட்டுக்குக் கிட்ட. அங்கிருந்துதான் மைக் வயர் எட்டும். அதைச் சொன்னேன். "அப்ப அம்மாவ இடப்பக்கம் இருக்கச் சொல்றன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாய் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்பவர். அரைநாள் லீவுக்கே சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று பிறகு அறிந்தேன். ஊதாச் சேலை, கையில் ஒரு சின்னப் பை, சொன்னபடியே இடப்பக்கம் மூன்றாவது வரிசை. திரை விலகியதும் மண்டபம் முழுக்க ஒரு "ஆ" எழுந்தது. வெள்ளைச் சேலை, வெள்ளைத் தாமரை, வீணை, அந்தப் பிள்ளையும் வடிவான பிள்ளைதான். குரல் வந்தது. மேடையின் இடப்பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டி, முன்னால் வலை. யாழினியின் அம்மா மேடையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். 24 வரியும் முடியும்வரை பெட்டியைத்தான் பார்த்தார். உதடு கூடவே அசைந்தது, அவருக்கும் பாடம் போல. 17ஆம் வரி வந்தபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். பிறகு பைக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினார். சுற்றியிருந்த போன்களெல்லாம் மேடைப் பக்கம் பார்த்திருக்க, அந்தப் போன் மட்டும் பெட்டியைப் பார்த்தது.

காட்சி முடிந்ததும் பிரதம விருந்தினர் மேடையேறி, சரஸ்வதியாக இருந்த பிள்ளைக்குப் புத்தகப் பரிசு கொடுத்து "என்ன அருமையான உச்சரிப்பு" என்றார். அந்தப் பிள்ளை, பாவம், "பேசினது நான் இல்லை சேர், யாழினி" என்றாள். மைக்கில் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டு அடுத்தவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். யாழினியை வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு எட்டுத்தான். கூப்பிடவில்லை.

அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்த யோசனை எனக்கு எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான் கேள்வி. நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. விடிய மூன்று மணிபோலத்தான் ஆள் அகப்பட்டது. அதே 1986, பரிசளிப்பு விழா, வரவேற்பு நடனம். ஒரு மாதம் பழகினேன். விழாவுக்கு முதல் நாள் நடன ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நல்லா ஆடுறாய் அம்மா. ஆனால் வரிசையெண்டால் ஒரே மாதிரி இருக்க வேணும். உனக்குக் குரலும் இருக்குத்தானே, பாட்டுக்கு வா" என்றார். திரைக்குப் பின்னால் நின்று பாடினேன். அம்மம்மா வந்து பார்த்துவிட்டு, "உன்னைக் காணேல்லையே" என்றார். பாடினது நான் என்றேன். "அப்பிடியோ" என்றார். அந்த ஆசிரியையும் என்னைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். அன்றைக்கு என்னைப் பின்னால் தள்ளியவர்கள் மேல் எனக்கு இத்தனை வருடமும் ஒரு வன்மம் இருந்தது. அவர்கள் எப்படி அதைச் செய்தார்கள் என்று படித்து வைத்திருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

துடியாட்டமும் குழப்படியும்

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. போனில் அகப்பட்டதை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். அமெரிக்காவில் லான்ஸ் ஹானனும் கூட இருந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நெஞ்சில் நின்றுவிட்டது. கறுப்பின மாணவிகளை வெள்ளையருடன் அவர்கள் ஒப்பிடவில்லை. கறுப்பினத்துக்குள்ளேயே ஒப்பிட்டார்கள். ஆகக் கருமையான தோலுள்ள மாணவிகளைப் பாடசாலையிலிருந்து இடைநிறுத்துவதற்கான வாய்ப்பு, ஆக வெளிர்ந்த தோலுள்ளவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்கே அடிமை வரலாறு இருக்கிறது, வேறு கணக்கு, நமக்கு அது பொருந்தாது என்று மூடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேர்ச்சி அறிக்கைகளின் பிரதிகள் அலுமாரியில் இருந்தன. வகுப்பாசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டே, அதில் என் கையெழுத்தையே வாசித்துப் பார்த்தேன். முகம் ஞாபகமுள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தேன். வகுப்பில் வாய் ஓயாத இரண்டு பிள்ளைகள், ஒரே வருடம், ஒரே வாங்கு. ஒருத்திக்கு "துடியாட்டமான பிள்ளை, பேச்சாற்றல் உண்டு" என்று எழுதியிருக்கிறேன். மற்றவளுக்கு "குழப்படி, அடக்கம் தேவை". யார் வெள்ளை, யார் கறுப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுதியது சாந்தி (க).

இன்னொரு ஆய்வைப் பற்றி நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சான் பிரான்சிஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் 2014இல் செய்தது. ஒரு சொல்லைக் கண்ணிமைக்கும் நேரம் திரையில் காட்டுவார்கள். சிலருக்கு 'படித்தவன்', சிலருக்கு 'அறிவிலி'. அடுத்து ஒரு கறுப்பின மனிதரின் முகம். பிறகு அதே முகத்தின் ஏழு படங்கள், ஒன்று அசல், மூன்று அதைவிட வெளிர்ந்தவை, மூன்று அதைவிடக் கருமை. நீங்கள் பார்த்தது எது என்று கேட்டால், 'படித்தவன்' என்ற சொல்லைக் கண்டவர்கள் வெளிர்ந்த முகத்தையே கூடுதலாகக் காட்டினார்களாம். நினைவே வெள்ளையடித்துவிடுகிறது. இதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? எங்கள் பாடசாலையிலிருந்து மருத்துவ பீடம் போன ஒரு பிள்ளை இரண்டு வருடம் கழித்துப் பரிசளிப்புக்கு வந்தபோது, ஸ்டாஃப் றூமே எழும்பி நின்று சொன்னது: "பிள்ளைக்கு நல்ல நிறம் வந்திட்டுது!" அவள் அப்படியேதான் இருந்தாள். இரவும் பகலும் வார்ட்டில் நின்று கண்ணின் கீழ் கருவளையம் வேறு. "படிச்ச களை" என்றார் ஒருவர்.

டியூஷன் மாஸ்ரர்மாருக்கு இது எப்போதோ தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலி வீதியால் போனால் பிளெக்ஸ் பதாகைகளைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பௌதிகவியல் ஆசிரியர் என் நிறம்தான். பதாகையில் ரோஸ் நிறத்தில் நிற்கிறார், பின்னால் மின்னல் வெட்டுகிறது. ஏன் அண்ணை இப்படி என்று கேட்டேன். "நான் சொல்லேல்ல தங்கச்சி, பிறின்ற் அடிக்கிற பெடியன் தானாச் செய்து தந்தவன். அப்பிடி அடிச்ச வருஷம் பிள்ளையளும் கூட வந்தவை" என்றார்.

ஹற்றன் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். முதல்நாள் காலை கேற்றில் காவலாளி அவரை மறித்து, துப்புரவு வேலைக்கு வந்தவர்கள் பின் கேற்றால் போக வேண்டும் என்றாராம். சேலை கட்டி, கையில் நியமனக் கடிதத்தோடு நின்றவரை. இதை அவர் என்னிடம் சொன்னது மூன்று மாதம் கழித்து, அதுவும் பகிடியாக. கொழும்பில் கறுப்பு மட்டும் தனியாக வருவதில்லை. தோட்டம், வேலைக்காரி, லயன் வீடு எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் அதோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். இப்போது அவர் அடையாள அட்டையைச் சேலைக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். பெற்றோர் கூட்டத்தில் சாந்தி (வெ) அட்டை போடுவதே இல்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. அவர் நல்ல மனுஷி, இதை வாசித்தால் வருத்தப்படுவார். அவரிடம் பிழை பிடிக்க எனக்கு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் யாரிடம் போய் முறையிடுவது? சிறுவர் உரிமைக் கருத்தரங்கு ஒன்றில் தந்த கையேட்டைப் புரட்டினேன். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 2ஆம் உறுப்புரையில் இனம் என்ற சொல்லுக்கு அடுத்ததாகவே நிறம் என்ற சொல் இருக்கிறது. எங்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2)இல் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் எல்லாம் உண்டு. நிறம் இல்லை. எழுதியவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. எங்கள் குழுவிலும் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லையே.

பசலை

யாழினி இப்போது உயர்தரக் கலைப் பிரிவில், என் தமிழ் வகுப்பில். மூன்றாவது வாங்கு, யன்னலோரம். போன மாதம் பாடத்துக்கு வெளியே போய்ப் பசலையைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்தது. திருக்குறளில் 119ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல். காதலன் பிரிந்து போக, தலைவியின் மேனி வெளிறிப்போகிறது. சங்கப் பாட்டுகளில் அவள் மாந்தளிர் போன்ற தன் மாமை நிறத்தைப் பசலை தின்றுவிட்டதே என்று புலம்புகிறாள். திரும்பத் திரும்ப வருவதுதான். விளக்கிக்கொண்டு போகையில் முன்வாங்கிலிருந்து ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"மிஸ், அப்ப பசலை ஒரு வருத்தமா?"

"ஓம், பிரிவால வாற வருத்தம்."

"வெளிறுறதா மிஸ் வருத்தம்?"

வகுப்பு ஒரு கணம் அமைதியாகி, பிறகு வெடித்துச் சிரித்தது. "அந்தக் காலத்தில கிறீம் வித்தவன் பட்டினிதான்" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் சந்தோஷம். உடனே அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, எங்கள் முன்னோருக்கு இந்தப் பாகுபாடே இல்லை என்று முழங்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். பசலை வெள்ளை இல்லை, பீர்க்கம்பூவின் மஞ்சள். மாமையும் நான் இல்லை, மாந்தளிர். தளிர் எவ்வளவு கறுப்பு என்று மரத்தைப் பார்த்தால் தெரியும். இரண்டாயிரம் வருடத்துப் பாட்டை எடுத்து என் தோலுக்குப் பூசிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. கரும்பலகையில் 'மாமை' என்று எழுதினேன். யாழினி தலை நிமிராமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவளை நிற்கச் சொன்னேன். இந்த வருடமும் வாணி விழாக் காட்சி இருக்கிறது, எழுதுவது நான்தான், சரஸ்வதிக்கு இந்தமுறை 30 வரி, மேடையில் நீ இருக்க வேண்டும் என்றேன். குழுவில் நான் கதைத்துவிட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை என்றும் சொன்னேன். அது உண்மைதான், மறுக்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சேலை வேண்டாம், அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை கட்டலாம் என்று நடன ஆசிரியையிடம் கேட்டும் வைத்திருந்தேன்.

அவள் கொப்பிகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"மேடை எனக்குச் சரிவராது மிஸ். பின்னால நிண்டு எண்டால் சொல்றன்."

ஏன் என்று கேட்டேன்.

"ஆக்கள் பாத்தால் எனக்கு 'ழ' வராது" என்றாள். பையின் சிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். "போனமுறை இடப்பக்கப் பெட்டி கொஞ்சம் இரைஞ்சது மிஸ். அம்மாவின்ர வீடியோவில கேட்டனான். இந்தமுறை அதை மாத்தச் சொல்லுங்கோ."